கபோராவின் தெரெசா

நோயாளிகள் திரளும் வாசலை எந்த அரசும் நெடுங்காலம் வாளாவிருந்து பார்த்ததில்லை. அங்கே நலம் நாடி வருபவன், தன்னைப் போலவே நிலம் இழந்தவனையும் கூலி மறுக்கப்பட்டவனையும் அருகில் காண்கிறான். வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சுத்தான் ஆள்வோரை அச்சுறுத்துகிறது. 1892-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மெக்சிகோ நாட்டின் வடமேற்கிலுள்ள சொனோரா மாநிலத்திலிருந்து, பதினெட்டு வயதுப் பெண் ஒருவரைப் படைக்காவலுடன் புகைவண்டியில் ஏற்றி, எல்லைக்கு அப்பால் அரிசோனாவில் கொண்டுபோய் விட்டார்கள். அவரிடம் துப்பாக்கி இல்லை, கட்சி இல்லை, பட்டமோ பதவியோ இல்லை. பச்சிலை அறிந்த இரண்டு கைகளும், அக்கைகளை நம்பிய பல்லாயிரம் ஏழைகளும் மட்டுமே இருந்தனர்.

அவர் பெயர் தெரெசா உர்ரேயா. மக்கள் அவரைக் 'கபோராவின் புனிதை' என்று அழைத்தனர். திருச்சபை அப்பட்டத்தை அவருக்கு ஒருநாளும் வழங்கியதில்லை. ஆயினும் அவர் வாழ்க்கை, திருச்சபையின் மக்களாகிய நாம் அமர்ந்து சிந்திக்கத் தக்கது. தாய்மண்ணில் அருங்கொடையாக விளங்கிய ஒன்று, அயல்மண்ணில் கால் வைத்ததும் என்னவாகிறது? அதை ஏந்தி நிற்பவர் எவ்வாறு தம் வழியைக் கண்டுகொள்கிறார்? இவ்விரு வினாக்களையும் மனத்தில் வைத்து அவர் வரலாற்றைப் பார்ப்போம்.

கொடை என்னும் சொல்

தெரெசா 1873-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், மெக்சிகோவின் சினலோவா மாநிலத்தில் ஒகொரோனி என்னும் ஊரை அடுத்துப் பிறந்தார். தாய் கயேத்தானா சாவேஸ், தெஹுவேக்கோ பழங்குடியைச் சேர்ந்த இளம் பணிப்பெண். தந்தை தோமாஸ் உர்ரேயா, பெரும் பண்ணைகளுக்கு உரிமையாளர், திருமணமானவர். ஆகவே குழந்தை முறைப்படியான மண உறவில் பிறந்ததன்று. பிறந்தபோது இட்ட பெயர்களுள் மரியாவும் ரெபேக்காவும் இருந்தன. தெரெசா என்ற பெயரைப் பின்னரே அவர் தமதாக்கிக்கொண்டார். அவர் பிறந்த நாள் அவிலா நகர்ப் புனித தெரெசாவின் திருநாள் என்பது நாம் அறிந்ததே.

1880-இல் அரசியல் காரணங்களால் தோமாஸ் தம் குடும்பத்தையும் வேலையாட்களையும் அழைத்துக்கொண்டு சொனோராவின் தென்பகுதியிலுள்ள கபோரா பண்ணைக்குக் குடிபெயர்ந்தார். தேர்தலில் போர்ஃபிரியோ டயஸின் எதிரணியை ஆதரித்தவர் அவர். வேலையாட்களின் குடிசையில் வளர்ந்த தெரெசா, பதினைந்து பதினாறு வயதில் தந்தையின் மாளிகைக்குள் மகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். அங்கே அவருக்கு ஆசானாக அமைந்தவர் வீலா என்று அழைக்கப்பட்ட முதிய பழங்குடிப் பெண். மகப்பேறு பார்ப்பவர், மூலிகை அறிந்தவர், மக்கள் மொழியில் 'குராந்தேரா', அதாவது குணமாக்குபவர்.

இந்த மருத்துவ மரபைப் பற்றி இங்குச் சிறிது கூறவேண்டும். ஸ்பானியர் கொண்டுவந்த பழைய ஐரோப்பிய மருத்துவமும், அம்மண்ணின் மூலிகை அறிவும், கத்தோலிக்கச் செபங்களும் மூன்று நூற்றாண்டுகளாகப் பின்னிப் பிணைந்து உருவானது அது. உடலுக்குச் சூடு தரும் பொருள்கள், குளிர்ச்சி தரும் பொருள்கள் என்ற பகுப்பு அதில் உண்டு. குழந்தைகளுக்கு வரும் கண்ணேறு, திடுக்கிட்டு அஞ்சியதால் உயிர்ச்சத்துக் குன்றிப்போகும் நோய், செரியாமல் வயிற்றில் அடைத்துக்கொள்ளும் நோய் எனப் பிணிகளுக்குத் தனித்தனிப் பெயர்களும் உண்டு. சீமைச் சாமந்திப் பூவைக் கொதிக்க வைத்துக் கொடுப்பார்கள். அருவதா இலையால் வருடுவார்கள். விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிக்கொண்டே உடலை நீவிவிடுவார்கள். மருத்துவர் கிடைக்காத மலைநாட்டில் ஏழையின் மருத்துவமனை அதுவே.

இம்மரபின் உயிர்நாடி ஒரே சொல்லில் அடங்கியிருக்கிறது. குணமாக்கும் ஆற்றலை அவர்கள் 'தோன்' என்பர். கொடை என்பது அதன் பொருள். கடவுளிடமிருந்து பெற்றதாகையால் அதற்கு விலை பேசுதல் கூடாது. நலமடைந்தவர் தம் விருப்பப்படி கொடுக்கும் கோழியோ, ஒருபடி சோளமோ ஏற்கத்தக்கது. கட்டணம் கேட்பது கொடையைக் கொச்சைப்படுத்துவது. தெரெசாவின் காலத்திலேயே டெக்சாஸின் தென்கோடியில் லோஸ் ஓல்மோஸ் என்ற சிற்றூரில் தோன் பெத்ரித்தோ ஹராமில்யோ என்னும் முதியவர் இவ்வாறே கட்டணம் கேளாமல் மருத்துவம் செய்து வந்தார். 1881-இல் மெக்சிகோவிலிருந்து அங்கே குடியேறிய அவர் 1907-இல் இறந்தார்.

1889-ஆம் ஆண்டில் தெரெசாவுக்கு ஒரு கடும் நோய் கண்டது. உணர்விழந்து கிடந்தார். இறந்துவிட்டார் என்று எண்ணிச் சவப்பெட்டியும் செய்தனர் என்பது மக்கள் வழங்கும் செய்தி. கண்விழித்த பின்னும் மூன்று மாதங்களுக்கு மேல் அவர் தம் வசத்தில் இல்லை. அந்நிலையிலேயே பிறரைத் தொட்டுக் குணமாக்கத் தொடங்கினார் என்கின்றனர். தன்னிலை திரும்பிய பிறகு கபோராவை நோக்கிக் கூட்டம் பெருகியது. மண்ணைத் தம் உமிழ்நீரில் குழைத்து நோயுற்ற இடத்தில் பூசுவார். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு அச்செயல் எதை நினைவூட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யாரிடமும் அவர் காசு பெற்றதில்லை. வந்தோருக்கு உணவளிக்கும் செலவு தந்தையின் பண்ணையின்மேல் விழுந்தது.

மேய்ப்பர் இல்லாத நிலம்

ஆயிரக்கணக்கானோர் ஓர் இளம்பெண்ணின் வாசலில் ஏன் கூடினார்கள்? மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் எளிது. அந்நிலத்தின் வரலாறு வேறு விடையைத் தருகிறது.

மாயோ ஆற்றங்கரைப் பழங்குடியினரிடையே இயேசு சபைக் குருக்கள் 1614-இல் மறைப்பணியைத் தொடங்கினர். யாக்கி மக்களிடையேயும், தராஉமாரா மலைநாட்டிலும் ஆலயங்கள் எழுந்தன. நூற்றைம்பது ஆண்டுகள் அம்மக்கள் மணியோசை கேட்டு எழுந்தனர். திருநாள்களைத் தம் பறையொலியோடும் ஆடலோடும் கொண்டாடினர். 1767-இல் ஸ்பானிய மன்னர் இயேசு சபையினரைத் தம் ஆட்சிப்பரப்பு முழுவதிலிருந்தும் வெளியேற்றினார். அதன்பின் அவ்வூர்களுக்குக் குருக்கள் போதுமான அளவில் கிடைத்ததே இல்லை. 1859-இல் மெக்சிகோவின் சீர்திருத்தச் சட்டங்கள் திருச்சபையின் சொத்துகளை அரசுடைமையாக்கின. ஆலயம் இருந்தது, சுரூபங்கள் இருந்தன, செபங்கள் நாவில் இருந்தன, திருப்பலி நிறைவேற்ற ஆண்டில் சில நாள்களே குரு வந்துபோனார். மலைநாட்டுக்கு இயேசு சபையினர் மீண்டும் திரும்பியது 1900-ஆம் ஆண்டில்தான்.

இதே காலத்தில் டயஸின் அரசு இருப்புப்பாதைகளையும் சுரங்கங்களையும் பெரும் பண்ணைகளையும் ஊக்குவித்தது. ஆற்றுப்படுகையின் வளமான நிலங்கள் பழங்குடியினர் கையிலிருந்து பறிக்கப்பட்டன. எதிர்த்தவர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டனர் அல்லது தொலைதூரங்களுக்கு நாடுகடத்தப்பட்டனர். நிலமும் போய், மேய்ப்பரும் இல்லாத மக்களிடம் ஒரு பெண் அன்போடு பேசினார், புண்ணைக் கழுவினார், அவர்கள் மொழியில் அவர்களைக் கடவுளின் பிள்ளைகள் என்றார். அவர்கள் அவரைப் புனிதை என்றதில் வியப்பில்லை.

தெரெசாவின் பேச்சில் குருக்களைப் பற்றிய கடுஞ்சொற்களும் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அருளடையாளங்களுக்குப் பணம் வாங்குவதை அவர் கண்டித்தார். கடவுளை அணுக இடையாள் தேவையில்லை என்றும் கூறினார். தந்தையின் நண்பரான பொறியாளர் லாவ்ரோ அகிர்ரே, ஆவியுலகத் தொடர்பை நம்பும் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர்கள் தெரெசாவைத் தங்கள் கொள்கைக்குச் சான்றாகக் காட்டினர். கத்தோலிக்கப் படிப்பினையோடு பொருந்தாத கருத்துகள் அவரைச் சூழ்ந்திருந்தன என்பது உண்மையே.

இனி, என்னைப் போன்ற குருக்கள் மிகுந்த தயக்கத்தோடு படிக்கவேண்டிய பகுதி வருகிறது. சிவாவா மாநிலத்து மலைகளுக்கிடையே தொமோச்சிக் என்ற சிற்றூர் இருந்தது. தனக்கெனக் குரு இல்லாத ஊர். அவ்வூர் மக்களும் அவர்கள் தலைவர் குரூஸ் சாவேஸும் தெரெசாமீது பற்றுக் கொண்டிருந்தனர். 1891-இல் அவ்வூருக்கு வந்த குருவானவர், ஆலயத்தில் தம் மறையுரையில் அப்பக்தியைக் கடுமையாகக் கண்டித்தார். மக்கள் கொதித்தெழுந்தனர். குரு ஊரைவிட்டுச் சென்றார். ஏற்கெனவே ஊர் அதிகாரிகளோடு பல பிணக்குகளில் இருந்த அம்மக்கள், இனித் தங்களுக்குக் கடவுளைத் தவிர வேறு மேலாள் இல்லை என்று அறிவித்தனர். அரசு அதனைக் கிளர்ச்சி என்று கொண்டது.

அக்குருவின் படிப்பினையில் பிழை காண்பது கடினம். ஆனாலும் அவரைக் குறித்து எழுதும்போது என் கை நடுங்குகிறது. என் தொடக்ககாலப் பங்கு ஒன்றில், குழந்தைகளுக்கு மந்திரித்து எண்ணெய் தடவி வந்த ஒரு மூதாட்டியைப் பற்றி, அவர் வீட்டுத் திண்ணையில் ஒருமுறைகூட அமராமலேயே, பீடத்தின் முன் நின்று கடிந்து பேசியிருக்கிறேன். அதன்பின் அவர் பூசைக்கு முன்வரிசையில் வந்து அமரவில்லை. கதவோரத்தில் நின்றுவிட்டுப் போய்விடுவார். எண்ணெய் தடவும்போது அவர் முணுமுணுத்தது பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும்தாம் என்பதை அவருடைய அடக்கத்தன்று அவர் மகள் சொல்லித்தான் அறிந்தேன்.

1892-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள், நிலமிழந்த மாயோ மக்கள் நவோஹோவா நகரைத் தாக்கினர். அவர்கள் எழுப்பிய முழக்கம், "கபோராவின் புனிதை வாழ்க" என்பது. தெரெசா அவர்களை ஏவினார் என்பதற்குச் சான்று இல்லை. எனினும் அரசு காத்திருக்கவில்லை. தந்தையும் மகளும் கைதாகி, நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்கள் எல்லை கடந்த சில மாதங்களில், அவ்வாண்டு அக்டோபரில், ஆயிரத்திற்கும் மேற்பட்ட படையினர் தொமோச்சிக்கைச் சூழ்ந்தனர். பெண்களும் குழந்தைகளும் அடைக்கலம் புகுந்திருந்த ஆலயத்திற்குத் தீ வைக்கப்பட்டது. குரூஸ் சாவேஸும் எஞ்சிய ஆண்களும் கொல்லப்பட்டனர். ஊர் அழிந்தது. அப்படையில் இளம் அதிகாரியாகச் சென்ற எரிபெர்த்தோ ஃப்ரியாஸ், மனம் பொறாமல் எழுதிய கதை 1893-இல் செய்தித்தாள் ஒன்றில் தொடராக வந்தது. அதனாலேயே இந்நிகழ்ச்சி மெக்சிகோவின் நினைவில் நிலைத்தது.

எல்லைக்கு அப்பால்

நோகாலஸ் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று மெக்சிகோவில், மற்றொன்று அரிசோனாவில். இடையே இருப்பது எல்லைக்கோடு மட்டுமே. அரிசோனாவின் அத்தென்பகுதி நாற்பது ஆண்டுகளுக்கு முன்புவரை மெக்சிகோவின் நிலமாகவே இருந்தது. 1853-இல் எழுதி 1854-இல் உறுதியான ஒப்பந்தத்தால் விலைக்கு விற்கப்பட்டது. ஆகவே தெரெசா இறங்கிய அயல்நாட்டில் அவர் மொழி பேசுவோர் இருந்தனர்; அவர் செபங்களைச் சொல்வோர் இருந்தனர். ஆனால் அவர்கள் தங்கள் மண்ணிலேயே இரண்டாம் வரிசைக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். சுரங்கங்களில் ஒரே வேலைக்கு மெக்சிகோக்காரருக்கு ஒரு கூலி, வெள்ளையருக்கு அதைவிட உயர்ந்த கூலி என்பது எழுதாத சட்டம்.

தெரெசாவை நோயாளிகள் பின்தொடர்ந்தார்கள். எல்லையின் இருபுறத்திலிருந்தும் கழுதைமீதும் வண்டியிலும் வந்தார்கள். நோயாளிகளைவிட விரைவாக வந்து சேர்ந்தது அரசியல். லாவ்ரோ அகிர்ரேயும் நாடுகடந்து வந்து, டயஸின் ஆட்சிக்கு எதிராகச் செய்தித்தாள் நடத்தினார். தொமோச்சிக் மக்களின் அழிவைப் பற்றி 1896-இல் அவர் வெளியிட்ட தொடரில் தெரெசாவின் பெயரும் இடம்பெற்றது. அதே ஆண்டு உர்ரேயா குடும்பம் டெக்சாஸின் எல் பாசோ நகருக்குச் சென்றது. எல்லை ஆற்றை அடுத்திருந்த அந்நகரில், நாள்தோறும் நூற்றுக்கு மேற்பட்டோர் அவர் வீட்டு வாசலில் காத்திருந்தனர்.

1896 ஆகஸ்டு 12-ஆம் நாள், மெக்சிகோவின் நோகாலஸ் சுங்கச்சாவடியைப் போராளிகள் சிலர் தாக்கினர். அவர்கள் தங்களைத் தெரெசாவின் மக்கள் என்றனர். இறந்து வீழ்ந்தோர் சிலரிடம் அவர் உருவப்படம் இருந்தது. இருபத்திரண்டு வயதான தெரெசா, எல் பாசோ செய்தித்தாளுக்கு எழுதி அனுப்பிய மறுப்பில், அக்கிளர்ச்சிகளைத் தாம் தூண்டவில்லை என்றும், அவற்றில் தமக்குப் பங்கில்லை என்றும் உறுதிபடக் கூறினார்.

அவர் முழுமையாக அரசியலுக்கு அப்பாற்பட்டவர் என்று நான் வாதிட வரவில்லை. ஏழையின் பக்கம் நின்றவர் அரசியலின் காற்று படாமல் இருக்க முடியாது. எனினும், தம் படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு இளைஞர்கள் சாகிறார்கள் என்ற செய்தியைக் கேட்கும் பெண்ணின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். 1897-இல் அவரும் தந்தையும் எல்லையைவிட்டு விலகி, அரிசோனாவின் உட்பகுதியில் மலைகளுக்கிடையே அமைந்த கிளிஃப்டன் என்ற செம்புச் சுரங்க ஊருக்குச் சென்றார்கள். தந்தை பால் பண்ணையும் விறகு வணிகமும் தொடங்கினார். மகள் சுரங்கத் தொழிலாளரின் குடும்பங்களுக்கு மருத்துவம் பார்த்தார். அவ்வூரில் பட்டம்பெற்ற மருத்துவர் ஒருவர் அவரை இகழாமல் நண்பராக ஏற்றார். புதிய நாட்டில் அவருக்குக் கிடைத்த அமைதியான ஆண்டுகள் இவையே எனலாம்.

மேடையில் ஏற்றப்பட்ட கொடை

1900-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தந்தையின் விருப்பத்திற்கு மாறாகச் சுரங்கத் தொழிலாளி ஒருவரை அவர் மணந்தார். மறுநாளே அம்மனிதர் அவரை மெக்சிகோவுக்கு இழுத்துச்செல்ல முயன்று, துப்பாக்கியால் சுட்டார். குண்டு படவில்லை. மனநிலை பிறழ்ந்தவர் என்று அவரை அடைத்துவைத்தனர். தந்தைக்கும் மகளுக்கும் இடையே இருந்த பிணைப்பும் அத்துடன் விரிசல் கண்டது.

மனம் உடைந்த அவருக்குக் கலிபோர்னியாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. சான் ஹோசே நகரில் மூளை உறைக் காய்ச்சலால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுவனுக்கு மருத்துவம் செய்யவேண்டும் என்பது அது. சென்றார். சான் பிரான்சிஸ்கோவின் பெரிய செய்தித்தாள் ஒன்று அவ்வாண்டு ஜூலை மாதம் அவருடைய வாழ்க்கைக் கதையைப் படங்களுடன் வெளியிட்டது. அதிசயங்களை அச்சிட்டு விற்பனையைப் பெருக்கிக்கொண்டிருந்த பத்திரிகைகளின் காலம் அது. சில வாரங்களில் ஒரு மருத்துவ நிறுவனம் அவரைத் தேடி வந்தது. நாடெங்கும் சென்று நோயாளிகளைக் குணமாக்கலாம். செலவை நாங்கள் ஏற்போம் என்றது. மக்களிடம் கட்டணம் பெறக்கூடாது என்பதே அவர் கேட்டுக்கொண்டது. ஒப்பந்தம் எழுதப்பட்டது.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. செயிண்ட் லூயிஸ் நகரில் தம் சொற்களை உள்ளபடி எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும் என்று, அரிசோனாவிலிருந்த தம் தோழிக்கு எழுதினார். தோழி தம் மகனை அனுப்பினார். பிறகு நியூயார்க். அந்நகரில் அவருக்கு முதல் மகள் 1902-இல் பிறந்தாள்; இரண்டாம் மகள் 1904-இல். குழந்தைகளின் தந்தை, மொழிபெயர்க்க வந்த அவ்விளைஞரே. திருச்சபையின் சட்டம் அவ்வுறவை ஏற்காது. நாம் அதை மூடி மறைக்கவும் வேண்டாம். கல் எறியவும் வேண்டாம். மொழி தெரியாத மாநகரில், தம் பேச்சைப் புரிந்துகொண்ட ஒரே மனிதரிடம் அவர் சாய்ந்தார் என்று மட்டும் அறிந்துகொள்வோம்.

கபோராவில் நோயாளி வாசலில் வந்து அமர்ந்தபோது, அவன் யார், அவன் ஊர் எது, அவன் துயரம் எது என்பதை மருத்துவச்சி அறிந்திருந்தார். இருவரும் ஒரே செபத்தைச் சொன்னார்கள். நலமடைந்தவன் ஊருக்குத் திரும்பி நன்றித் திருப்பயணமாக மீண்டும் வந்தான். அமெரிக்க மாநகரங்களில் வந்தவர்கள் விளம்பரம் கண்டு வந்தவர்கள். அவர்களுக்கு அவர் விந்தையான அயல்நாட்டுப் பெண். கையைப் பற்றி விரலோடு விரல் அழுத்தினார். அவர்கள் எழுந்து போனார்கள். ஒரு சொல்லும் பரிமாறப்படவில்லை. கொடுப்பவரையும் பெறுபவரையும் இணைத்திருந்த பாலம் அங்கே இல்லை.

அந்த ஒப்பந்தத்தின் உள்ளிருந்த வஞ்சகம் பின்னர் வெளிப்பட்டது. நிறுவனத்தார் நோயாளிகளிடம் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கொடையாகப் பெற்றதைக் கொடையாகவே வழங்கவேண்டும் என்று ஆண்டவர் தம் சீடருக்குப் பணித்ததை நாம் அறிவோம். எழுதப்படிக்க அதிகம் கல்லாத வீலாவிடமிருந்து தெரெசா கற்றதும் அதையே. அவர் பெயரால், அவர் அறியாமல், அக்கொடை விற்கப்பட்டது.

1902-இல் தந்தை கிளிஃப்டனில் இறந்தார். தெரெசா அவ்வாண்டின் இறுதிக்குள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மெக்சிகோக்காரர் பகுதிக்கு வந்து சேர்ந்தார். மீண்டும் தம் மக்களிடையே, தம் மொழியில், மருத்துவம் தொடர்ந்தது. 1903-ஆம் ஆண்டு வசந்தத்தில் மின்சார இருப்புப்பாதை அமைக்கும் மெக்சிகோத் தொழிலாளர் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அவர் அவர்கள் பக்கம் நின்றார். அதே ஆண்டு அவர் குடியிருந்த வீடு தீக்கிரையானது. 1904-இல் வழக்கறிஞர் வழியாக அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, இரு குழந்தைகளோடு கிளிஃப்டனுக்கே திரும்பினார்.

திரும்பிய ஊர்

அவர் திரும்பிய ஊர் எத்தகையது என்பதை அதே ஆண்டில் நிகழ்ந்த ஒன்று காட்டும். 1904 அக்டோபரில், நியூயார்க் நகரின் பிறரன்புச் சகோதரிகள் தம் இல்லத்தில் வளர்ந்த நாற்பது அனாதைக் குழந்தைகளைக் கிளிஃப்டனுக்கும் அடுத்த ஊரான மொரென்சிக்கும் அழைத்துவந்தனர். குழந்தைகள் பெரும்பாலும் ஐரிஷ் கத்தோலிக்க வழியினர். அவர்களை வளர்க்க அவ்வூர்ப் பங்குக்குரு தெரிந்தெடுத்திருந்தவை மெக்சிகோக் கத்தோலிக்கக் குடும்பங்கள். வெள்ளைக் குழந்தைகள் மெக்சிகோக்காரர் வீட்டில் வளர்வதா என்று ஊரின் வெள்ளையர் ஆயுதங்களோடு திரண்டு, இரவோடு இரவாகக் குழந்தைகளைப் பிடுங்கிச் சென்றனர். சகோதரிகள் தொடுத்த வழக்கில் அரிசோனாவின் உச்ச நீதிமன்றம் 1905-இல் பறித்தவர்களுக்கே தீர்ப்பளித்தது. நாட்டின் உச்ச நீதிமன்றமும் 1906-இல் அதைத் திருத்தவில்லை. ஒரு கத்தோலிக்கத் தாய் தன் மடியில் ஏந்திய குழந்தையை, அவள் இனத்தைக் காட்டிப் பறித்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்ன ஊர் அது.

அத்தாய்மாரின் நடுவில்தான் தெரெசா தமக்கென ஒரு வீட்டைக் கட்டினார். ஊர் ஊராகச் சென்று ஈட்டிய பணம் அதற்குச் செலவாயிற்று. பெரிய வீடு, நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடமாக அது அமைந்தது. பத்திரிகைக்காரர்கள் வரவில்லை, போராளிகளும் வரவில்லை. சுரங்கத்தில் அடிபட்டவரும், பேறுகாலப் பெண்களும், இருமல் நோயாளிகளும் வந்தார்கள். விரைவில் அவ்விருமல் அவரையும் பற்றியது. 1906 ஜனவரி 11-ஆம் நாள் காசநோயால் இறந்தார். வயது முப்பத்திரண்டு. தந்தையின் கல்லறைக்கு அருகில் அவரை அடக்கம் செய்தார்கள்.

நமக்கு உரிய வினா

தெரெசாவுக்குப் பலர் பல பெயர்களைச் சூட்டினார்கள். ஏழைகளுக்கு அவர் புனிதை, ஆட்சியாளருக்குக் கலகக்காரி, ஆவியுலகக் கொள்கையினருக்கு ஊடகம், நிறுவனத்தாருக்கு வருவாய், தொமோச்சிக்கின் மறையுரை மேடையில் நின்ற குருவுக்கோ வழிகெடுப்பவர். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை அவரிடம் கண்டனர். புதிய நாட்டில் பதின்மூன்று ஆண்டுகள் அவர் அலைந்த அலைச்சலெல்லாம் இப்பெயர்களை ஒவ்வொன்றாகக் களைந்துவிட்டு, நோயாளியின் அருகில் அமரும் பெண்ணாக மட்டும் இருக்க ஓர் இடத்தைத் தேடியதாகவே எனக்குப் படுகிறது. அந்த இடத்தை எல் பாசோவும் நியூயார்க்கும் தரவில்லை. சுரங்கத் தூசி படிந்த ஒரு சிற்றூர் தந்தது.

குருமடத்தில் நாங்கள் கற்ற ஒரு பகுப்பு இங்கு உதவும். ஒருவரைக் கடவுளுக்கு உகந்தவராக்கும் அருள் வேறு. பிறர் நலனுக்காக ஒருவருக்கு அளிக்கப்படும் அருங்கொடை வேறு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்குகிறார். குணமாக்கும் கொடை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது இருப்பதனால் ஒருவர் புனிதர் என்றாகிவிடாது. அவர் வாழ்வில் குறைகள் இருப்பதனால் அக்கொடை அலகையின் வேலை என்றும் ஆகிவிடாது. கொடைகளைச் சோதித்தறிய வேண்டியது மேய்ப்பரின் கடமை. ஆவியை அணைத்துவிடாமல் நல்லதைப் பற்றிக்கொள்ள வேண்டியதும் அவர் கடமையே. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய தன் கொள்கைத் திரட்டில் இவ்விரண்டையும் ஒருங்கே வலியுறுத்தியது.

சோதித்தறிதல் என்பது தொலைவில் நின்று தீர்ப்புச் சொல்வதன்று. அதற்குத் திண்ணையில் போய் அமரவேண்டும். என்ன இலை, என்ன செபம், ஏன் இத்தனை பேர் என்று கேட்கவேண்டும். கேட்டபின் திருத்தவேண்டியதைத் திருத்தலாம். ஆண்டில் சில நாள்கள் மட்டும் வந்துபோகும் மேய்ப்பர் கண்டித்துப் பேசினால், அக்கண்டனம் உண்மையாகவே இருந்தாலும், ஆடுகளின் காதில் அந்நியக் குரலாகவே விழும். தொமோச்சிக்கின் எரிந்த ஆலயத்திற்கு அக்குருவைப் பொறுப்பாக்குவது அநீதி. நெருப்பு வைத்தது படை. ஆயினும், அம்மறையுரைக்கு முன்பே யாரேனும் ஒரு குரு மலையேறி வந்து அம்மக்களோடு ஓராண்டு தங்கியிருந்தால் என்ற நினைவு என்னைவிட்டு அகலுவதில்லை.

பொதுநிலையினராகிய உங்களுக்கும் இவ்வரலாறு ஒன்றைச் சொல்கிறது. குணமாக்கும் கொடையைப் பெற்றவர்களாகக் கருதப்படுவோரைச் சுற்றி இன்றும் கூட்டம் சேர்கிறது, சுவரொட்டிகள் எழுகின்றன, காணிக்கைத் தட்டுகள் நீள்கின்றன. அக்கொடை உண்மையா என்று கேட்கிறோம். அதைத் தாங்கி நிற்கும் மனிதரை நாம் என்ன செய்கிறோம் என்று கேட்பதில்லை. அவரை மேடையேற்றுவதும், தம் தேவைக்குப் பயன்படுத்துவதும், தளர்ந்தபின் கைவிடுவதும் பெரும்பாலும் அவரை வாழ்த்திய கைகளே.

என் மூதாட்டிக்கு வருவோம். கதவோரத்தில் நின்ற அவரை ஒருநாளேனும் முன்வரிசைக்கு அழைத்து அமர வைத்திருக்கலாம். நான் அழைக்கவில்லை. இப்போது அப்பங்கிற்கு எப்போதாவது செல்ல நேர்ந்தால், கல்லறைத் தோட்டத்தில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் நின்று, அவர் சொல்லிவந்த அந்த இரண்டு செபங்களையும் சொல்லிவிட்டு வருகிறேன்.